சிவில், உஜோ, அழிக்க முடியாத ஒரு கடிதம்: பிளாக்செயின் பாட்டுக்காரங்களுக்கும் பத்திரிகைக்காரங்களுக்கும் என்ன செஞ்சுது

பிளாக்செயின் (பல கம்ப்யூட்டர்ல ஒரே மாதிரி நகலா இருக்குற, எழுதுனதை மாத்த முடியாத கணக்கு ஏடு) வந்துட்டா தனியா பாட்டு போடுறவங்களுக்கும் தனியா செய்தி எழுதுறவங்களுக்கும் விடிவுகாலம்னு ஒரு பத்து வருஷமா சொல்லிட்டு வர்றாங்க. நடுவுல நிக்கிற லேபிள், டிஸ்ட்ரிப்யூட்டர், விளம்பர கம்பெனி, பத்திரிகை முதலாளி யாரும் தேவையில்ல, கேக்குறவங்க காசு நேரா பாடுறவங்களுக்கு போகும், எழுதுனதை எவனாலயும் அழிக்க முடியாதுங்கிறதுதான் அந்தப் பேச்சு. இதை வெறும் பேச்சா விடாம காசு போட்டு, ஆள் வச்சு, செஞ்சே பாத்த ரெண்டு முயற்சி ஒரே கம்பெனியில இருந்து வந்துச்சு. நியூயார்க் புரூக்ளின்ல இருந்த கான்சென்சிஸ்ங்கிற கம்பெனி அது, எத்தீரியம்ங்கிற பிளாக்செயினை உருவாக்குனவங்கள்ல ஒருத்தரான ஜோசப் லூபின் 2014ல ஆரம்பிச்சது. பாட்டுக்கு உஜோ மியூசிக்னு ஒண்ணு, பத்திரிகைக்கு சிவில்னு ஒண்ணு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா எனக்கு ஒண்ணு தெளிவா தெரியுது: காயின், டோக்கன்னு (பிளாக்செயின்ல வாங்கி விக்கிற டிஜிட்டல் வில்லை) வந்த இடத்துல எல்லாம் இது கவுந்துச்சு, யார் என்ன செஞ்சாங்க, எப்ப செஞ்சாங்கன்னு பதிஞ்சு வைக்கிற ஏடா வந்த இடத்துல நிஜமா உதவுச்சு. அதை விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன்.

உஜோவும் 133 டாலரும்

இமோஜென் ஹீப் இங்கிலாந்துப் பாடகி, தன் பாட்டை தானே ரெக்கார்ட் பண்ணி, தானே மிக்ஸ் பண்ணி பழகினவங்க, அந்த இன்ஜினியரிங்குக்கே கிராமி வாங்கினவங்க. 2015 அக்டோபர்ல டைனி ஹியூமன்னு ஒரு பாட்டை எத்தீரியம் மேல உஜோ மூலமா வெளியிட்டாங்க. டவுன்லோடு பண்ண 60 சென்ட். அந்த 60 சென்ட் ஈதரா, அதாவது எத்தீரியத்தோட காயினா, வந்து சேந்த உடனே ஸ்மார்ட் கான்ட்ராக்ட்ங்கிற, தானா ஓடுற புரோகிராம் அதைப் பிரிச்சு, ஹீப்புக்கு இவ்வளவு, வாசிச்சவங்களுக்கு இவ்வளவு, இன்ஜினியருக்கு இவ்வளவுன்னு அவங்கவங்க வாலெட்டுக்கு (காயின் வைக்கிற டிஜிட்டல் பர்ஸ்) அனுப்பிடும். காசு யார் கையிலயும் தங்காது, மூணு மாசம் கழிச்சு ஸ்டேட்மென்ட் வரும்னு காத்திருக்க வேண்டாம், ஆபீஸுக்கு போன் போட்டு கெஞ்ச வேண்டாம்.

மொத்தம் வித்தது 133 டாலர் 20 சென்ட். அதாவது 222 டவுன்லோடு.

இதைச் சொல்லி கேலி பண்றவங்க நிறைய பேர், எனக்கு அதுல உடன்பாடில்ல. 2015ல ஒரு ரசிகர் அந்தப் பாட்டை வாங்கணும்னா முதல்ல ஈதர் வாலெட் உண்டாக்கணும், காயின் விக்கிற எக்ஸ்சேஞ்ச்ல ஈதர் வாங்கணும், அப்புறம் சரியான முகவரிக்கு அனுப்பணும், ஒரு எழுத்து தப்பா போட்டா காசு போச்சு. அறுபது சென்ட் பாட்டுக்கு அரை நாள் வேலை. அப்படியும் 222 பேரு வாங்கினாங்கன்னா அது அந்தப் பாடகி மேல இருந்த பாசம். ஆனா இந்தக் கணக்குல பலர் கவனிக்காம விட்டது, பங்கு பிரிக்கிற பகுதி சொன்னபடி வேலை செஞ்சதுதான். பாட்டுத் தொழில்ல ரொம்ப நாளா ஆறாத புண்ணு அதுதானே.

ஏன்னா ஒரு பாட்டுக்கு உரிமை ஒண்ணு கெடையாது. எழுதுனவருக்கு, மெட்டு போட்டவருக்கு ஒரு உரிமை, ரெக்கார்டிங்குக்கு வேற உரிமை, ஒவ்வொண்ணுக்கும் நாட்டுக்கு நாடு தனி வசூல் சங்கம். இந்த லிஸ்ட் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகாது, ஒரு இடத்துல பேரு ஒரு மாதிரி இருக்கும், இன்னொரு இடத்துல இன்ஷியல் மாறியிருக்கும், ஒருத்தர் பேரே விட்டுப்போயிருக்கும். 2015ல பெர்க்லி இசைக் கல்லூரி பக்கம் இருந்து வந்த அறிக்கை, பாட்டுக்கு வர்ற காசுல 20ல இருந்து 50 சதவீதம் வரைக்கும் உரியவங்க கைக்கு போய்ச் சேரலன்னு சொல்லுச்சு. 2017 மே மாசம் ஸ்பாட்டிஃபை, பாட்டு எழுதுனவங்களுக்கு சேர வேண்டிய ராயல்டியை கொடுக்கலங்கிற வழக்குல 4 கோடியே 34 லட்சம் டாலருக்கு சமாதானம் பேசுச்சு, யாருக்கு கொடுக்கணும்னே எங்களுக்கு தெரியலங்கிறதுதான் அவங்க பக்கத்து பதில். அதே வருஷம் ஏப்ரல்ல மீடியாசெயின்னு ஒரு பிளாக்செயின் கம்பெனியை ஸ்பாட்டிஃபை விலைக்கு வாங்கினதும் எந்தப் பாட்டு யாருதுன்னு பொருத்திப் பாக்கத்தான்.

இந்தப் புண்ணு எவ்வளவு பெருசுன்னு 2021ல வெளிச்சத்துக்கு வந்துச்சு. அமெரிக்காவுல 2018ல வந்த சட்டப்படி எம்எல்சின்னு ஒரு பொது அமைப்பு ஆரம்பிச்சாங்க, ஸ்ட்ரீமிங் கம்பெனிகள் எல்லாம் ஆள் தெரியாம வச்சிருந்த பழைய ராயல்டியை அதுகிட்ட ஒப்படைக்கணும். வந்து சேந்த தொகை 42 கோடியே 40 லட்சம் டாலர். அத்தனையும் யாரோ எழுதுன வரிக்கும் யாரோ போட்ட மெட்டுக்கும் கெடச்ச காசு. இந்தக் காசை வெளிய கொண்டு வந்தது ஒரு சட்டமும் ஒரு சாதாரண டேட்டாபேஸும்தான், பிளாக்செயின் கெடையாது. அதனாலதான் எல்லாத்துக்கும் பிளாக்செயின்தான் மருந்துன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா பாட்டு வெளிய வர்ற அன்னிக்கே பங்கு எழுதி, எல்லாரும் கையெழுத்து போட்டு, பின்னாடி எவரும் ரகசியமா மாத்த முடியாத இடத்துல அது இருந்திருந்தா, அந்த 42 கோடியில ஒரு பகுதியாவது உரியவங்க கைக்கு முன்னாடியே போயிருக்கும், அதுவும் எனக்கு நிச்சயமா தோணுது.

இதுல ஒரு பெரிய ஓட்டையும் இருக்கு. பிளாக்செயின்ல எழுதுனதை மாத்த முடியாதுங்கிறது சரி, ஆனா எழுதுனது உண்மையான்னு அதுக்கு தெரியாது. 2022 தொடக்கத்துல ஹிட்பீஸ்னு ஒரு தளம் ஆயிரக்கணக்கான கலைஞர்களோட பாட்டை அவங்க அனுமதியே இல்லாம என்எஃப்டியா, அதாவது ஒரு படைப்புக்கு பிளாக்செயின்ல பதியுற உரிமைச் சீட்டு மாதிரி டோக்கனா, விலைக்கு வச்சிருந்துச்சு, கலைஞர்கள் கொதிச்சு எழுந்த பிறகுதான் மூடுனாங்க. வீட்டு வாசல்ல யார் வேணா வந்து பெயர்ப்பலகை மாட்டலாம், பத்திரம் யார் பேருல இருக்குன்னு பலகைக்கு தெரியாது.

என்எஃப்டி கதையை நான் சுருக்கமாவே முடிக்கிறேன். 2021ல சில பேர் நெறைய சம்பாதிச்சாங்க, 3லாவ்ங்கிற டிஜே மாதிரி ஆளுங்க ஒரே ஏலத்துல 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல பாத்தாங்க, ஆனா அவங்க ஏற்கனவே கூட்டம் சேத்து வச்சிருந்தவங்க. சின்ன கலைஞர்களை இழுத்தது வேற ஒரு வாக்குறுதி, ஒவ்வொரு தடவை கைமாறும்போதும் உங்களுக்கு ராயல்டி தானா வரும்னு. அது தானா வர்றதே கெடையாது, விக்கிற சந்தை மனசு வச்சு கொடுத்துட்டு இருந்துச்சு, அவ்வளவுதான். சந்தைகளுக்குள்ள போட்டி வந்ததும் 2023 ஆகஸ்ட்ல ஓப்பன்சீங்கிற பெரிய என்எஃப்டி சந்தை அந்த ராயல்டியை கட்டாயமில்லன்னு மாத்திடுச்சு, நம்பி வந்தவங்க நிலைமை அம்போன்னு ஆயிடுச்சு. அது கான்ட்ராக்ட்லயே கட்டாயமா எழுதியிருக்கா, சந்தையோட பெருந்தன்மையில ஓடுதான்னு கேக்காம எந்தக் கலைஞரும் இதுக்குள்ள போகக் கூடாது. ஆடியஸ்ங்கிற ஸ்ட்ரீமிங் தளத்துல 2022 ஜூலையில கான்ட்ராக்ட்ல இருந்த ஒரு ஓட்டை வழியா 1 கோடியே 85 லட்சம் டோக்கனை ஒருத்தர் எடுத்துட்டு போனாரு. கலைஞர்களும் ரசிகர்களும் சேந்து நடத்துறதுக்காக வச்சிருந்த பொதுப்பணம், அதை எடுக்குற தீர்மானத்தை கான்ட்ராக்ட்டே ஓட்டு போட்டு பாஸ் பண்ண மாதிரி நடத்திட்டாங்க.

சிவில்: நல்ல மனுஷங்க, தப்பான கதவு

சிவில் எங்க இருந்து முளைச்சுதுன்னு புரியணும்னா 2017 நவம்பர் 2க்கு போகணும். நியூயார்க், சிகாகோன்னு சில ஊர்கள்ல தெருச் செய்தி வரைக்கும் எழுதிட்டு இருந்த டிஎன்ஏஇன்ஃபோவையும், காதமிஸ்ட் தளங்களையும் அதோட கோடீஸ்வர முதலாளி ஜோ ரிக்கெட்ஸ் ஒரே நாள்ல மூடுனாரு, நியூயார்க் ஆபீஸ்ல யூனியன் வேணும்னு ஓட்டு போட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்துச்சு. 115 பேருக்கு வேலை போச்சு. அதைவிட கொடுமை, அன்னிக்கு எந்தப் பழைய கட்டுரையோட லிங்க்கை தொட்டாலும் முதலாளியோட மூடுவிழா கடிதம் மட்டும்தான் வந்துச்சு. அடுத்த வேலைக்கு காட்ட சொந்த கட்டுரையே கையில இல்லாம நிருபர்கள் தவிச்சாங்க. பின்னாடி ஆர்க்கைவ் திரும்ப வந்துச்சு, ஆனா வருஷக் கணக்கான உழைப்பு ஒரு ஆளோட ஸ்விட்ச்ல இருக்குன்னு எல்லாருக்கும் அன்னிக்கு உறைச்சுது. அஞ்சு மாசத்துல, 2018 ஏப்ரல்ல, டென்வர் போஸ்ட்ல ஆல்டன் குளோபல் கேபிட்டல்ங்கிற முதலீட்டு நிறுவனம் இன்னும் 30 பேரை வெளிய அனுப்பச் சொன்னப்ப, அந்தப் பத்திரிகையே தன் தலையங்கப் பக்கத்துல தன் முதலாளியை எதிர்த்து எழுதுச்சு.

இந்த ரெண்டு இடத்துல இருந்தும் வெளிய வந்தவங்கதான் சிவிலோட முதல் வரிசையில நின்னாங்க. சிகாகோ ஆளுங்க பிளாக் கிளப் சிகாகோ ஆரம்பிச்சாங்க, டென்வர் ஆளுங்க கொலராடோ சன். மேத்யூ ஐல்ஸ்ங்கிறவர் ஆரம்பிச்ச சிவிலுக்கு கான்சென்சிஸ் 50 லட்சம் டாலர் கொடுத்துச்சு, அதுல இருந்து இந்த செய்தி அறைகளுக்கு ஆரம்ப நிதி போச்சு.

சிவிலோட திட்டத்தை படிச்சா மனுஷங்க எவ்வளவு யோசிச்சிருக்காங்கன்னு தெரியும். விளம்பரம் கெடையாது, முதலாளி கெடையாது. சிவிஎல்னு ஒரு டோக்கன். ஒரு செய்தி அறை உள்ள வரணும்னா சிவில் சாசனத்துல கையெழுத்து போட்டு, ஏறக்குறைய 1000 டாலர் மதிப்புக்கு டோக்கனை பணயமா வைக்கணும். அவங்க பொய்ச் செய்தி போடுறாங்க, பணம் வாங்கிட்டு எழுதுறாங்கன்னு யாருக்காவது தோணுனா அதே அளவு டோக்கனை வச்சு சவால் விடலாம், டோக்கன் வச்சிருக்க எல்லாரும் ஓட்டு போடுவாங்க, தோத்தவங்க பணயம் போகும், ஜெயிச்ச பக்கம் அதைப் பிரிச்சுக்கும். முடிவு தப்புன்னு நெனச்சா மேல்முறையீட்டுக்கு பத்திரிகை அனுபவம் உள்ளவங்க இருக்க ஒரு கவுன்சில். அறக்கட்டளையை நடத்த வந்தவங்க அமெரிக்க பொது வானொலியான என்பிஆரோட முன்னாள் தலைவி விவியன் ஷில்லர். ஏபி செய்தி நிறுவனமே 2018ல கை கோத்துச்சு. ஊரை ஏமாத்த வந்த கூட்டம்னு எவரும் சொல்ல முடியாது.

2018 செப்டம்பர் 18ல டோக்கன் விற்பனை தொடங்குச்சு. குறைஞ்சது 80 லட்சம் டாலர் வரணும், அதிகபட்சம் 2 கோடியே 40 லட்சம். அக்டோபர் 15ல கதவை சாத்துனப்ப வந்திருந்தது சுமார் 14 லட்சம், அதுலயும் பெரும்பங்கு கான்சென்சிஸே போட்டது. எல்லாருக்கும் காசை திருப்பிக் கொடுத்தாங்க. அந்த வருஷம் ஜனவரியில 1400 டாலர் வரைக்கும் போன ஈதர் அக்டோபர்ல 200 டாலர் பக்கம் கெடந்துச்சு, சந்தை கெட்ட நேரம்தான். ஆனா சந்தை நல்லா இருந்திருந்தாலும் சாதாரண வாசகருக்கு இது ஆகியிருக்காதுன்னுதான் நான் சொல்வேன். டோக்கன் வாங்க அடையாளச் சான்று கொடுக்கணும், டோக்கன் பத்தின கேள்வித்தாளுக்கு பதில் எழுதி பாஸ் ஆகணும், ஈதர் வாங்கணும், அதை வாலெட்ல வைக்கணும். அந்தக் கேள்வித்தாளை நல்ல எண்ணத்துலதான் வச்சாங்க, சூதாட வர்றவங்களை தள்ளி நிறுத்த. ஆனா டென்வர்ல காலையில பேப்பர் படிக்கிற பெரியவர் தன் ஊர் நிருபருக்கு பத்து டாலர் கொடுக்க இத்தனை தாண்டி வருவாரா?

இதுக்கு பதில் அதே செய்தி அறைகள்கிட்டயே இருக்கு. கொலராடோ சன் அதே 2018ல கிக்ஸ்டார்ட்டர்ங்கிற, மக்கள்கிட்ட நிதி திரட்டுற தளத்துல ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல சேத்துச்சு. பிளாக் கிளப் சிகாகோ 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல. சாதா கிரெடிட் கார்டு, சாதா வாசகர்கள். கொடுக்க மனசு இருந்த வாசகர் இருந்தாங்க, அவங்களுக்கும் நிருபருக்கும் நடுவுல ஒரு டோக்கனை கொண்டு போய் நிறுத்தினதுதான் கோளாறு. முதலாளியை எடுத்துட்டு அந்த இடத்துல டோக்கனை வச்சா நடுவுல ஒண்ணு இருக்கத்தானே செய்யுது, அதுவும் தினம் விலை மாறுற ஒண்ணு. சம்பளத்துல ஒரு பங்கை டோக்கனா வாங்கிக்கிறேன்னு ஒத்துக்கிட்ட நிருபர்களை நெனச்சாதான் எனக்கு மனசு கஷ்டமா இருக்கு, ஏற்கனவே வேலை போய் வந்தவங்க, விற்பனை நடக்கலன்னதும் அந்தப் பங்குக்கு என்ன மதிப்புன்னே தெரியாம நின்னாங்க. ஓட்டு விஷயமும் இடிக்குது, டோக்கன் அதிகம் வச்சிருக்கவருக்கு ஓட்டு அதிகம், அப்ப பணக்காரர் கையில பத்திரிகை போகக் கூடாதுன்னு ஆரம்பிச்சது எங்க போய் நிக்கும்?

2019 மார்ச்ல இலக்கு எதுவும் வைக்காம மறுபடி விற்பனை நடத்திப் பாத்தாங்க. 2020 ஜூன்ல சிவில் மூடுச்சு, ஆளுங்க கான்சென்சிஸுக்கே திரும்பிப் போயிட்டாங்க. கொலராடோ சன்னும் பிளாக் கிளப்பும் இன்னிக்கும் ஓடுது, வாசகர் சந்தாவுல, நன்கொடையில. சிவில் கொடுத்த ஆரம்ப டாலர் அவங்களுக்கு உதவுச்சு, டோக்கன் உதவல.

அழிக்க முடியாத கடிதம்

சிவில் விற்பனைக்கு அஞ்சு மாசம் முன்னாடி, எந்த கம்பெனியும் இல்லாம, ஒரு ஆள் செஞ்ச வேலை ஒண்ணு இருக்கு. பீக்கிங் பல்கலைக்கழகத்துல இருபது வருஷம் முன்னாடி நடந்த பாலியல் கொடுமை பத்தின ஆவணத்தை வெளியிடச் சொல்லி மாணவர்கள் கேட்டாங்க, கேட்ட மாணவி ஒருத்தரை நிர்வாகம் மிரட்டுச்சு, ராத்திரியில குடும்பத்தை வரவச்சு அழுத்தம் கொடுத்தாங்க. அந்தப் பொண்ணு நடந்ததை பகிரங்க கடிதமா எழுதுனாங்க. வீசாட்ங்கிற சீன ஆப்ல போடப் போட அழிச்சாங்க. 2018 ஏப்ரல் 23ல யாரோ ஒருத்தர் பேர் சொல்லாம, எத்தீரியத்துல தனக்குத் தானே பூஜ்யம் ஈதர் அனுப்புற மாதிரி ஒரு டிரான்ஸாக்ஷன் போட்டு, கூட குறிப்பு எழுதுற இடத்துல அந்தக் கடிதம் முழுசையும் சீனத்துலயும் இங்கிலீஷ்லயும் வச்சுட்டாரு. ஆன செலவு ஏறக்குறைய அரை டாலர். எத்தீரியத்துல பதிஞ்சதை பாக்குற ஈதர்ஸ்கேன் தளத்துல அந்த டிரான்ஸாக்ஷனை திறந்தா இன்புட் டேட்டான்னு ஒரு கட்டம் வரும், முதல்ல வெறும் எண்ணும் எழுத்துமா குவியலா தெரியும், அதை யூடிஎஃப் 8ல (படிக்கிற எழுத்தா) காட்டுன்னு மாத்துனா கடிதம் அப்படியே வரிவரியா விரியும். உலகம் பூரா எத்தீரியத்தோட முழு வரலாறையும் வச்சிருக்க ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் அதோட நகல். அதை எடுக்கணும்னா எல்லாத்தையும் எடுக்கணும்.

மூணு மாசம் கழிச்சு, தரமில்லாத தடுப்பூசி பத்தி சீனாவுல வந்த ஒரு கட்டுரையையும் அழிச்சாங்க, அதையும் இதே வழியில வச்சாங்க. 2021 ஜூன் 24ல ஹாங்காங்கோட ஆப்பிள் டெய்லி கடைசி இதழ் போட்டுட்டு மூடுச்சு, வெப்சைட்டும் அன்னிக்கே இருண்டுச்சு. அங்க இருந்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை ஆர்வீவ்ங்கிற சேமிப்பு வலையில ஏத்திட்டாங்க, ஒரு தடவை காசு கட்டினா நிரந்தரமா வச்சிருக்கணும்னு வடிவமைச்ச வலை அது. டிஎன்ஏஇன்ஃபோ நிருபர்களுக்கு அன்னிக்கு தேவைப்பட்டதும் இதேதான்.

ஆனா அழிக்க முடியாதுன்னா தப்பையும் அழிக்க முடியாது. பாதிக்கப்பட்டவங்க பேரு தவறி வந்துட்டா, ஒருத்தர் மேல போட்ட குற்றச்சாட்டு பொய்யின்னு பின்னாடி தெரிஞ்சா, எடிட்டர் கையில எதுவும் இருக்காது. அதனால முழுக் கட்டுரையை வைக்கிறதை உயிர் போற கட்டத்துக்கு மட்டும்தான் நான் சரின்னு சொல்வேன். மத்தபடி ஹேஷ் மட்டும் போதும். ஒரு ஃபைலை கணக்கு போட்டா வர்ற நீள எண் அது, ஃபைல்ல ஒரு புள்ளி மாறினாலும் எண்ணு அடையாளமே தெரியாம மாறிடும், எண்ணை வச்சு ஃபைல்ல என்ன இருக்குன்னு கண்டுபிடிக்க முடியாது. ஸ்டான்ஃபோர்டும் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் சேந்து ஆரம்பிச்ச ஸ்டார்லிங் லேப் இதைத்தான் செஞ்சுது. உக்ரைன் கார்கிவ் நகரத்துல பள்ளிக்கூடங்கள் மேல குண்டு விழுந்ததுக்கான ஆன்லைன் படங்களையும் பதிவுகளையும் சேத்து, ஹேஷ் பதிஞ்சு, 2022 ஜூன்ல சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்புனாங்க.

நம்மூர்ல இதை எப்படி எடுத்துக்கணும்

காசு அனுப்புறதுக்கு நமக்கு பிளாக்செயின் வேண்டியதில்ல. யுபிஐல பத்து ரூபாய் அனுப்பினா பத்து ரூபாயும் போகுது, கட்டணம் கெடையாது, கேக்குறவங்க எல்லார் போன்லயும் இருக்கு. ஹீப் 2015ல தேடுன வசதி இங்க டீக்கடையில ஒட்டியிருக்கு. டோக்கன் பக்கம் போனா 2022ல இருந்து லாபத்துல 30 சதவீதம் வரி, விக்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ், ஒண்ணுல வந்த நஷ்டத்தை இன்னொண்ணுல கழிக்க முடியாது. ரசிகர்களுக்கு டோக்கன் கொடுக்கலாமான்னு கேக்குற பேண்ட் பசங்களுக்கு நான் வேண்டாம்னுதான் சொல்வேன்.

நமக்கு வேண்டியது பங்கு எழுதுற பழக்கம். 2012ல வந்த காப்புரிமை திருத்தத்துக்கு அப்புறம் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்களோட ராயல்டி உரிமையை தயாரிப்பாளருக்கு முழுசா எழுதிக் கொடுத்துட முடியாது, சட்டம் அவங்க பக்கம் நிக்குது. ஆனா நாலு பேரு ரூம்ல உக்காந்து போடுற பாட்டுக்கு யாருக்கு எத்தனை சதவீதம்னு எவரும் எழுதுறதில்ல, பாட்டு ஹிட் ஆனதும் நட்பு போயிடுது. ரிலீஸுக்கு முந்தின நாள் ஒரு பக்கத்துல நாலு பேரு பேரும் சதவீதமும் எழுதி, கையெழுத்து போட்டு, அதை பிடிஎஃப்பா எடுத்து, ஹேஷை ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ்ங்கிற தளத்துல பதிஞ்சிடுங்க. இலவசம்தான், வாலெட்டும் வேண்டாம் காயினும் வேண்டாம், ஆயிரக்கணக்கான பேரோட ஹேஷை ஒண்ணா சேத்து பிட்காயின்ல ஒரே டிரான்ஸாக்ஷனா போட்டுடுவாங்க, சில மணி நேரத்துல உறுதி ஆயிடும். கையில கெடைக்கிற சின்ன ஓடிஎஸ் ஃபைலையும் பிடிஎஃப்பையும் பத்திரமா வச்சுக்கிட்டா, இந்தப் பேப்பர் இந்தத் தேதியிலயே இருந்துச்சுன்னு யார் முன்னாடியும் காட்டலாம்.

தனியா வேலை பாக்குற நிருபர்களுக்கு இது இன்னும் அவசரம். 2024 ஜூலை 1ல இருந்து நடைமுறைக்கு வந்த சாட்சிய சட்டத்துல, 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆதாரத்தோட கொடுக்குற சான்றிதழ்ல ஹேஷ் மதிப்பு எழுதவே இடம் வச்சிருக்காங்க. மணல் லாரி வீடியோவோ, ஆபீஸ்ல லஞ்சம் வாங்குற ஆடியோவோ, எடுத்த அன்னிக்கே ஹேஷ் பதிஞ்சு வச்சா, நீங்க பின்னாடி எடிட் பண்ணிட்டீங்கன்னு எதிர்த்தரப்பு சொல்றப்ப கையில பதில் இருக்கும். எடுத்த ஒரிஜினல் ஃபைலை பெயர் தவிர எதுவும் மாத்தாம அப்படியே மெமரி கார்டுல வைங்க, வாட்ஸாப்ல எடிட்டருக்கு அனுப்பினா அது வீடியோவை சுருக்கிடும், சுருங்குன ஃபைலோட ஹேஷ் வேற, அதை வச்சு எதையும் நிரூபிக்க முடியாது. அனுப்பித்தான் ஆகணும்னா டாக்குமென்ட்டா அனுப்புங்க.